விண்ணிலிருந்து விழுவதை விமானம் அறியுமா? – கேள்வி பதில்

கேள்வி (உயர்தர மாணவி, புதுக்குடியிருப்பு): ஐயா, விமானத்தின் மோதல் தவிர்ப்புக் கருவி, விழும் ராக்கெட் துண்டைக் காட்டிக்கொடுக்குமா?

பதில்: காட்டாது, பிள்ளை. டீகாஸ் எனப்படும் அக்கருவி 1030 மெகாஹேர்ட்ஸில் ஒரு கேள்வியை அனுப்ப, அயலிலுள்ள விமானத்தின் டிரான்ஸ்பொண்டர் என்ற பதிலளிக்கும் வானொலிக் கருவி 1090 மெகாஹேர்ட்ஸில் விடை தருகிறது. விடை வந்துசேர எடுத்த நேரத்தைக் கொண்டு தூரமும், விடைக்குள் இருக்கும் தகவலைக் கொண்டு உயரமும் அறியப்படுகின்றன. இரவில் வயற்காவலுக்கு நிற்பவர் இருட்டுக்குள் "ஆரது?" என்று குரல் கொடுத்தால் வரம்பில் வரும் மனிதர் பதில் சொல்வார், யானை சொல்லாது. விழும் உலோகத் துண்டிலும் விண்கல்லிலும் டிரான்ஸ்பொண்டர் இல்லை.

கேள்வி (மாங்குளம்): விமானத்தின் மூக்கிலுள்ள ராடார்?

பதில்: அது மழை முகில்களை முன்புறமாகத் தேடுவதற்கானது. தலைக்கு மேலிருந்து விழுவது அதன் கதிருக்குள் அகப்படுவதில்லை.

கேள்வி (கடற்றொழிலாளர், முல்லைத்தீவு): 2015 இல் தெற்குக் கடலில் ஏதோ விழும் என்று முன்கூட்டியே சொன்னார்களே, அதை எப்படி அறிந்தார்கள்?

பதில்: நல்ல கேள்வி, அண்ணை. டபிள்யூ.டி.1190எப் என்ற அந்த விண்குப்பை அக்டோபரில் தொலைநோக்கியில் தென்பட்டது. நிலவுக்கும் அப்பால் சென்று திரும்பும் நீண்ட பாதையில் வந்ததால், அது நவம்பர் 13 முற்பகலில் நமது தென்கரைக்கு அப்பால் ஏறத்தாழ 100 கிலோமீற்றரில் விழும் என்று திருத்தமாகக் கணிக்க முடிந்தது. எங்கே பார்ப்பது என்று தெரிந்திருந்தமையால், ஆய்வாளர் குழுவொன்று விமானத்தில் சென்று அது எரிந்து சிதறியதைப் படம்பிடித்தது. தாழ்ந்த சுற்றுப்பாதையில் கட்டுப்பாடின்றிச் சுற்றும் ராக்கெட் பாகத்தின் கதை வேறு. அது சுமார் 90 நிமிடத்தில் பூமியை ஒரு தடவை சுற்றிவிடுவதால், கணிப்பு ஒரு மணித்தியாலம் பிசகினால் விழும் இடம் அரைப் பூமிக்கு மேல் தள்ளிப்போய்விடும். 2022 நவம்பர் 4 அன்று சீன ராக்கெட்டின் பெரும் பாகமொன்று திரும்பியபோது ஸ்பெயின் தன் வான்பரப்பின் ஒரு பகுதியைச் சுமார் 40 நிமிடம் மூடியது. அது விழுந்ததோ பசிபிக்கில்.

கேள்வி (வவுனியா): விமானி கண்ணால் கண்டு விலக முடியாதா?

பதில்: நம்பியிருக்க முடியாது, தம்பி. டீகாஸ்கூட மோதலுக்கு 15 முதல் 35 விநாடிகளுக்கு முன்புதான் "ஏறு", "இறங்கு" என்று கட்டளையிடுகிறது. சிறிய துண்டு கண்ணுக்குத் தெரியும்போது அந்த அவகாசமும் இராது.

கேள்வி (கிளிநொச்சி): அப்படியானால் பயணிகளுக்கு யார் காவல்?

பதில்: ஏவுகிறவர்களே. வேலை முடிந்த பாகத்தில் எரிபொருளை மிச்சம் வைத்து, ஆளில்லாத தென்பசிபிக்கை நோக்கி அதை இறக்கும் வழி இருக்கிறது. செலவைக் காரணம் காட்டி அதைச் செய்யாமல் விடுவதை நான் ஏற்கவே மாட்டேன்.