அமெரிக்க அதிபர் ஒரு ஆணையில் கையெழுத்திட்டால் அரசு ஒப்பந்தத் தொழிலாளியின் சங்கமும் சம்பளமும் போய்விடுமா?

சங்கம் போகாது. சம்பளத்தில் ஒரு பகுதி போகலாம். முதலில் பார்க்க வேண்டியது, உங்களுக்குச் சம்பளம் போடுவது அரசா, அரசிடம் ஒப்பந்தம் எடுத்த கம்பெனியா என்பதைத்தான். செய்திகளில் இரண்டையும் கலந்துவிடுகிறார்கள்.

நேரடி அரசு ஊழியர்களின் கூட்டுபேர உரிமையே (சங்கம் மூலம் நிர்வாகத்தோடு பேசி ஒப்பந்தம் போடும் உரிமை) 1962இல் கென்னடி போட்ட 10988ஆம் ஆணையில் பிறந்தது. 1978இல்தான் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அதைச் சட்டமாக்கியது. அந்தச் சட்டத்திலேயே ஒரு கதவு திறந்திருக்கிறது: தேசப் பாதுகாப்பு, உளவு, புலனாய்வு ஆகியவை முதன்மைப் பணியாக உள்ள அமைப்புகளை அதிபர் விலக்கிவிடலாம். 2025 மார்ச் 27 அன்று டிரம்ப் போட்ட 14251ஆம் ஆணை அந்தக் கதவு வழியாகத்தான் வந்தது. ஆஸ்பத்திரிகள் நடத்தும் முன்னாள் படைவீரர் நலத்துறைகூட அந்தப் பட்டியலில் இருந்தது. பல துறைகளில் சம்பளத்தில் சங்கச் சந்தா பிடிப்பது நின்றது. சங்கங்கள் நீதிமன்றம் போயின.

ஒப்பந்தத் தொழிலாளி தனியார் கம்பெனி ஊழியர். அவருடைய சங்க உரிமை 1935ஆம் ஆண்டு தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டத்தில் இருக்கிறது. அதை ஆணையால் அழிக்க முடியாது. கூட்டவும் முடியாது. வேலைநிறுத்தம் செய்தவர்களின் இடத்தில் நிரந்தரமாக வேறு ஆள் வைக்கும் கம்பெனிக்கு ஒப்பந்தம் இல்லை என்று 1995இல் கிளிண்டன் ஆணை போட்டார். அந்தச் சட்டத்தோடு மோதுகிறது என்று 1996இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைச் செல்லாதாக்கியது.

சம்பளம் மூன்று அடுக்கு. அடியில், நாடு முழுவதுக்குமான குறைந்தபட்சக் கூலி, 2009 முதல் அசையாமல் நிற்கும் மணிக்கு 7.25 டாலர். அதன் மேல், துப்புரவு, செக்யூரிட்டி போன்ற சேவை வேலைகளுக்கு 1965ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழிலாளர் துறை ஊர்வாரியாகவும் வேலைவாரியாகவும் போடும் ஊதியப் பட்டியல். மூன்றாவது அடுக்குதான் ஆணை, அதாவது ஒப்பந்தக் கம்பெனிகளுக்கு அதிபர் விதிக்கும் குறைந்தபட்சக் கூலி. 2022 ஜனவரி 30 முதல் பைடனின் 14026ஆம் ஆணை 15 டாலரில் தொடங்கி 2025இல் 17.75க்கு வந்தது. 2025 மார்ச் 14 அன்று டிரம்ப் அதை ரத்து செய்தார். இதே விஷயத்தில் ஒபாமா போட்ட பழைய ஆணை ரத்தாகாததால், அதற்கு உட்பட்ட ஒப்பந்தங்களில் அந்த ஆண்டு 13.30 டாலர் எஞ்சியது.

அப்படியானால் ரத்தான மறுநாளே மணிக்கு 4.45 டாலர் வெட்டிவிட முடியுமா? ஊதியப் பட்டியலில் உங்கள் வேலைக்கு 19 டாலர் போட்டிருந்தால் ஆணை வந்தாலும் போனாலும் உங்களுக்கு ஒன்றுமில்லை. பட்டியல் தொகை 17.75க்குக் கீழே இருப்பவர்களுக்குத்தான் அடி. அவர்களுக்கும் கம்பெனி அரசோடு போட்ட ஒப்பந்தத்தில் பைடன் ஆணையின் கூலி ஷரத்து எழுதப்பட்டிருந்தால், அரசுத் தரப்பு ஒப்பந்த அதிகாரி அதைத் திருத்தும்வரை கம்பெனி தானாகக் கைவிடக் கூடாது. பட்டியலை வேலையிடத்தில் ஒட்டியிருக்க வேண்டும். உங்கள் வேலைப்பெயர் சரியாகப் போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், ஏமாற்று அங்கே நடக்கலாம். உடல்நல, பிற சலுகைகளுக்கான தொகை தனிக்கணக்கு. அதைக் கூலியோடு சேர்த்துக் காட்டி 'குறைந்தபட்சம் கொடுத்துவிட்டோம்' என்றால் தவறு.

30 மணி நேர வேலைக்கு 1 மணி நேரம், ஆண்டுக்கு 56 மணி நேரம் வரை சம்பளத்துடன் நோய் விடுப்பு என்பது வேறொரு ஆணை, 13706. அந்த மார்ச் ரத்து அதைத் தொடவில்லை.

சங்கம் இருக்கும் இடங்களில் ஆணையை விடப் பெரிய கவசம் 1965ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4(சி) பிரிவு. கம்பெனி மாறினாலும், அதே ஊரில் அதே வேலையைத் தொடரும் புதிய கம்பெனி, பழைய கூட்டு ஒப்பந்தத்தில் (சங்கமும் பழைய கம்பெனியும் போட்டது) இருந்த கூலிக்கும் சலுகைக்கும் குறைவாகக் கொடுக்கக் கூடாது. அது கூலியைத்தான் காக்கும், வேலையை அல்ல. பழைய ஆட்களுக்கே முதலில் வேலை என்ற விதி ஆணைகளில் மட்டுமே இருந்தது: 2009இல் ஒபாமா போட்டார், 2019இல் டிரம்ப் எடுத்தார், 2021இல் பைடன் திரும்பப் போட்டார், 2025இல் டிரம்ப் மீண்டும் எடுத்தார். 4(சி)யிலும் ஒரு சிக்கல் உண்டு. கூட்டு ஒப்பந்தத்தின் நகல் ஒப்பந்த அதிகாரி கைக்குத் தாமதமாகப் போனால் அடுத்த டெண்டரில் அது ஏறாமலே போகலாம். கம்பெனி கொடுத்துவிடும் என்று நம்பி இருக்காமல், டெண்டர் அறிவிப்புக்கு முன்பே சங்கமே ஒரு நகலைக் கொடுத்து ரசீது வாங்கிவிடுவது நல்லது.