பதில்: ராத்திரி சும்மா நிற்கும் விஎம்சியை மூன்று பட்டறைகள் பகிர்ந்துகொள்ளலாமா?

அண்ணே, கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் உங்கள் விஎம்சி (கம்ப்யூட்டர் கட்டளைப்படி உலோகத்தை வெட்டும் மில்லிங் மெஷின்) ராத்திரி சும்மா நிற்கிறது, பக்கத்து இரண்டு பட்டறைகளோடு இணையவழி கிளவுடில் பகிரலாமா, கஸ்டமர் டிராயிங் வெளியே போய்விடுமோ என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் பகிரலாம்.

ஆனால் வெறும் மணிக்கணக்கில் பேசாதீர்கள். செட்டிங் நேரம், அதாவது வெட்டுவதற்கு முன் மெஷினைத் தயார் செய்யும் நேரம், யார் கணக்கு என்பதில்தான் சண்டை வரும். செட்டிங்கில் இன்னொரு ஆபத்தும் உண்டு. புதூர் தொழிற்பேட்டையில் நான் பட்டது இது: காலண்டரில் 'இரவு 10 முதல் 2 வரை காலி' என்று காட்டியது. வந்தவர் வைஸைக் (பீஸைப் பிடிக்கும் இடுக்கி) கழற்றித் தன் ஃபிக்ஸரை (அந்தப் பீஸுக்கென்றே செய்த பிடிமானம்) மாட்டினார், பீஸ் எங்கே இருக்கிறது என்று மெஷினுக்குச் சொல்லும் ஜி54 ஆஃப்செட்டை மாற்றினார். போகும்போது வைஸைத் திரும்ப மாட்டியவர், ஆஃப்செட்டைப் பழையபடி மாற்ற மறந்துவிட்டார். காலையில் பையன் சைக்கிள் ஸ்டார்ட் அமுக்கியதும் எண்ட்மில் (வெட்டும் டூல்) நேராக வைஸ் மேலேயே இறங்கியது. அப்புறம்தான் புத்தி வந்தது: எனக்கு ஜி54, வெளியாட்களுக்கு ஜி55, ஜி56. முதல் பீஸ் சிங்கிள் பிளாக்கில்தான், அதாவது ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்தித்தான், ஓட வேண்டும்.

டிராயிங் விஷயம். முழு கேட் ஃபைலை (கம்ப்யூட்டரில் வரைந்த டிசைன் ஃபைல்) ஏற்றவே வேண்டாம். அந்த ஆபரேஷனுக்கான ஜி-கோடும் (மெஷினுக்கான கட்டளை வரிகள்) செட்டிங் ஷீட்டும் (மெஷினைத் தயார் செய்யும் குறிப்பு) போதும். ஜி-கோடை வைத்தும் வடிவத்தை ஓரளவு பிடித்துவிடலாம் என்பதால், கஸ்டமரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள்.

ஜிஎஸ்டியில் ஜாப் வொர்க் சலானில் (கூலி வேலைக்கு அனுப்பும் சீட்டில்) போன மெட்டீரியல் 1 வருடத்துக்குள் திரும்ப வேண்டும். ஜிக், ஃபிக்ஸருக்கு அந்தக் கெடு கிடையாது.

மென்பொருளா? மூன்று பட்டறைக்கு இப்போதைக்கு ஒரு பொதுக் காலண்டரே போதும் அண்ணே.