பெட் ஸ்கேன் சுத்தமாக இருந்தும் அக்குளில் கணு எடுப்பது ஏன்?

கோத்தகிரி சகோதரிக்கு,

மகனுக்கு முன்கையில் ராப்டோமயோசார்கோமா என்னும் தசைப் புற்று, பெட் ஸ்கேனில் அக்குள் சுத்தம், பிறகு எதற்குக் கோவையில் அங்கே கீறுகிறார்கள், கை வீங்கிவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நுண்ணிய பரவல் ஸ்கேனில் தப்பிவிடும். கட்டியிலிருந்து நிணநீர் முதலில் போய்ச் சேரும் கணுவை எடுத்து, மெல்லிய சீவல்களாக்கிப் பார்த்தால்தான் தெரியும். அதில் புற்று இருந்தால் அக்குளுக்கும் கதிர்வீச்சு தேவைப்படும். தயவுசெய்து தவிர்க்காதீர்கள். ஓரிரு கணு எடுப்பதால் கை வீங்குவது அரிது; அக்குளை முழுதாக வழித்தெடுத்தால்தான் அந்தப் பயம் அதிகம்.

அந்த முதல் கணு எதுவென்று கண்டுபிடிக்க, கட்டியைச் சுற்றி டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருளை ஊசியில் போட்டுப் படமெடுப்பார்கள். 6 மணி நேரத்தில் அதன் கதிரியக்கம் பாதியாகும். முழங்கையின் உள்பக்கக் கணுவையும் படத்தில் பார்த்தார்களா என்று கேளுங்கள். முன்கைக் கட்டிக்கு முதல் கணு சில சமயம் அங்கேதான் இருக்கும்.

கணுவைக் காட்டும் மெத்திலீன் நீலச் சாயமும் போடுவதானால் முன்கூட்டியே ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் நொதி) பரிசோதனை அவசியம். அந்த நொதி குறைவாக இருந்தால் சிவப்பணுக்கள் உடையும். மறுநாள் சிறுநீர் பச்சையாகப் போனால் பதற வேண்டாம், சாயம்தான்.

முந்தின நாளே கீழே இறங்கித் தங்கிவிடுங்கள். பட்டினி வயிற்றோடு விடியற்காலையில் மலைப்பாதை வளைவுகளில் குழந்தையைக் கூட்டிப்போனால் வாந்தியெடுத்துத் துவண்டுவிடுவான். வழக்கமாக உணவு 6 மணி நேரம் முன்பும் வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்பும் நிறுத்தச் சொல்வார்கள். மயக்க மருத்துவர் சொல்லும் நேரமே கணக்கு.