விரல் மரத்துப்போகிறது, கீமோவை நிறுத்திவிடலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 57 வயது, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து, இப்போது வாராவாரம் பேக்லிடாக்ஸெல் டிரிப் ஏறுகிறது. விரல் நுனியெல்லாம் மரத்துப்போய், கோலமாவு பிடிபடவில்லை என்கிறார். மெடிக்கல் ஷாப்பில் நரம்பு மாத்திரை கொடுத்தார்கள். இந்த மருந்து செல்லின் சட்டகத்தையே கட்டிப்போட்டு, புற்று நகர்ந்து பரவாமல் தடுக்கிறது என்று படித்தேன். அப்படியென்றால் பொறுத்துக்கொண்டு தொடரத்தான் வேண்டுமா, நிறுத்தலாமா?
- பெரம்பூர் வாசகர்

பதில்: அடுத்த டிரிப் ஏறுவதற்கு முன்பே டாக்டரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். அம்மா வாயைத் திறக்காமல் பொறுத்துக்கொள்ளவும் வேண்டாம். நம் வீட்டு அம்மாக்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவதைத்தான் செய்வார்கள், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

நீங்கள் படித்தது பாதி சரி. செல்லின் சட்டகம் என்பது மூன்று வகைப் புரத இழைகள். மெல்லியது ஆக்டின், சுமார் 7 நானோமீட்டர். தடித்தது மைக்ரோடியூபியூல், உள்ளே வெற்றிடமான குழாய், சுமார் 25 நானோமீட்டர். நடுத்தர இழைகள் இவற்றுக்கு இடைப்பட்டவை. சட்டகம் என்றாலும் இது அசையாமல் நிற்பதில்லை. கட்டட வேலையில் சாரத்தை ஒரு பக்கம் பிரித்து மறுபக்கம் கட்டுவார்களே, அந்த மாதிரி ஆக்டினும் மைக்ரோடியூபியூலும் ஓயாமல் கலைந்து கலைந்து சேரும்.

புற்று செல் நகர்வதில் பெரும்பங்கு ஆக்டினுக்குத்தான். செல்லின் முன்பக்கம் ஆக்டின் இழைகள் வளர்ந்து சவ்வை வெளியே தள்ளும். இன்டெக்ரின் என்ற புரதங்கள் சுற்றியிருக்கும் திசுவைப் பற்றிக்கொள்ளும். பிறகு மயோசின் என்ற இன்னொரு புரதம் ஆக்டினை இழுத்துச் சுருக்க, பின்பக்கம் பிடியை விட்டு முன்னே வரும். வழியில் கொலாஜன் என்ற திசு நார் அடைத்திருந்தால், ஆக்டின் தாங்கிய சிறு முனைகளை நீட்டி, அங்கே நொதிகளை விட்டுக் கரைக்கும். அப்படியும் செல்லின் உட்கரு கொஞ்சம் விறைப்பானது. இடுக்கில் நுழையும்போது அதுதான் மாட்டிக்கொள்ளும்.

இது புற்று செல் தானாகக் கண்டுபிடித்த வித்தை இல்லை. காயம் ஆறும்போது தோல் செல்லும், கிருமியைத் துரத்தும்போது வெள்ளணுவும் இப்படித்தான் நகர்கின்றன. இன்னொன்று, நகரத் தெரிந்த செல்லெல்லாம் வேறு இடத்தில் போய்க் குடியேறிவிடாது. ரத்தத்தில் இறங்கும் புற்று செல்களில் பெரும்பாலானவை அங்கேயே செத்துப்போகும்.

அப்புறம் ஏன் ஆக்டினையே முடக்க மருந்து கொடுப்பதில்லை? ஆய்வுக்கூடத்தில் சைட்டோகலாசின் போன்றவை அதைச் செய்யும். ஆனால் அம்மாவின் இதயம் சுருங்குவதும் இதே ஆக்டின், மயோசின் ஜோடியால்தான்.

பேக்லிடாக்ஸெல் போய் ஒட்டிக்கொள்வது ஆக்டினில் இல்லை, மைக்ரோடியூபியூலில். ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுப்பவை இந்தக் குழாய்கள். அதற்கு அவை நீளவும் குறுகவும் வேண்டும். இந்த மருந்து குழாய்களைக் கலையவிடாமல் உறைய வைத்துவிடுகிறது என்று சூசன் ஹார்விட்ஸ் குழுவினர் 1979-இல் காட்டினார்கள். பிரிய முடியாத செல் செத்துப்போகும். நம் மொட்டைமாடித் தொட்டிகளில் பூக்கும் நித்யகல்யாணியிலிருந்து எடுக்கும் வின்கிரிஸ்டின் இதற்கு நேர் எதிர்: குழாயைச் சேரவே விடாது. (அதற்காக இலையை அரைத்துக் குடிக்கச் சொல்லும் உறவினர் பேச்சைக் கேட்காதீர்கள், அது விஷச்செடி.) பேக்லிடாக்ஸெல் நகர்வையும் ஓரளவு மந்தப்படுத்துவது ஆய்வுக்கூடத்தில் தெரிகிறது. ஆனால் ஆபரேஷனுக்குப் பின் அதைக் கொடுப்பதன் முக்கிய நோக்கம், எங்கேயாவது தங்கியிருக்கக்கூடிய செல்களைப் பெருக விடாமல் கொல்வது.

சரி, விரல் ஏன் மரக்கிறது? நரம்பு செல் பிரிவதில்லை. ஆனால் இடுப்பருகிலிருந்து கால் விரல்வரை போகும் ஒரு நரம்பிழை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். அதன் கடைக்கோடிக்கு வேண்டிய சரக்கெல்லாம் மைக்ரோடியூபியூல் வழியாகத்தான் போக வேண்டும். மருந்தால் அந்தப் போக்குவரத்து கெடும்போது முதலில் அடிபடுவது நீளமான இழைகளின் நுனிகள், அதாவது கால் விரல், கை விரல். சர்க்கரை நோய் இருந்தால் அந்த நரம்புகள் ஏற்கெனவே நொந்திருக்கலாம்.

டாக்டரிடம் வெறும் "மரத்துப்போகுது" என்று சொன்னால் போதாது. பட்டன் போட முடிகிறதா, செருப்பு கழன்றால் தெரிகிறதா, நடக்கும்போது தடுமாறுகிறாரா, எரிச்சலோ வலியோ உண்டா என்று சொல்லுங்கள். அதை வைத்து அளவைக் குறைப்பார், ஒரு வாரம் தள்ளிப்போடுவார், இல்லை மருந்தையே மாற்றுவார். மரப்பு முற்றிய பிறகு சொன்னால் மீள்வது கஷ்டம். சிகிச்சை முடிந்தும் மாதக்கணக்கில் இருக்கலாம், சிலருக்கு முழுதாகப் போவதே இல்லை. வலி இருந்தால் டுலாக்ஸெடின் சிலருக்கு உதவும், ஆனால் அதை டாக்டர்தான் எழுதித் தர வேண்டும்.

வீட்டில் கொதிக்கும் பாத்திரத்தை இறக்குவது வேறு யாராவது செய்யட்டும். குளிக்கும் வெந்நீரின் சூட்டை அம்மாவின் விரல் வைத்துப் பார்க்க வேண்டாம். வீட்டுக்குள்ளும் செருப்பு, ராத்திரி படுக்கும் முன் பாதத்தில் காயம் இருக்கிறதா என்று ஒரு பார்வை. சர்க்கரையையும் விட்டுவிடாதீர்கள்.

கடைசியாக அந்த நரம்பு மாத்திரை. அட்டையைத் திருப்பிப் படியுங்கள். மெத்தில்கோபாலமினோடு அசிட்டைல் எல் கார்னிட்டின் சேர்ந்திருந்தால் உடனே நிறுத்திவிட்டு, அட்டையை டாக்டரிடம் காட்டுங்கள். இதே வகை மருந்து ஏறிய மார்பகப் புற்றுநோயாளிகளிடம் இந்தக் கார்னிட்டினைச் சோதித்து 2013-இல் வெளியான ஆய்வில் மரப்பு குறையவில்லை, கூடியிருந்தது.