ஸ்டீராய்டு மாத்திரை மனநிலையை மாற்றுமா?

"வீசிங்குக்கு ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கியதிலிருந்து அப்பா தூங்காமல் ஏதேதோ பேசுகிறார். மாத்திரைதான் காரணமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். எழுதிக்கொடுத்த டாக்டரிடம் இன்றே சொல்லுங்கள். நீங்களாக மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

பாம்பனில் என் சித்தப்பாவுக்கும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்திருந்தார்கள். மூச்சிரைப்பு அடங்கியது, தூக்கம் போய்விட்டது. நடுச்சாமத்தில் முற்றத்து விளக்கைப் போட்டுக் கிழியாத வலையை விரித்துப் பின்னிக்கொண்டிருப்பார். அதிர்ந்து பேசாத மனிதர், விசைப்படகு வாங்கப்போவதாகப் படகு முதலாளியான சம்மாட்டியிடம் போய் முன்பணம் கேட்டார். தடுத்தால் கோபம். "காத்துக் கருப்பு அண்டியிருக்கிறது, ஏர்வாடிக்குக் கூட்டிப்போங்கள்" என்றார்கள் தெருவில். எங்கள் கரையில் எல்லா மதத்தாரும் தர்காவுக்குப் போகிறவர்கள்தாம். அந்த நம்பிக்கையைக் குறைசொல்லமாட்டேன். ஆனால் 2001 ஆகஸ்டில் அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டிவைத்திருந்ததால் தப்பமுடியாமல் 28 பேர் மாண்டதைக் கேட்டு வளர்ந்தவள் நான். என்ன மருந்து சாப்பிட்டார் என்று கேட்காமலே ஒருவரைப் பைத்தியம் என்று முத்திரை குத்துவதைப் பொறுக்கமுடியவில்லை. சித்தி மாத்திரை அட்டையோடு டாக்டரிடம் ஓடினார். அவர் அளவைப் படிப்படியாகக் குறைத்து, மனம் அடங்கக் கொஞ்ச நாளைக்கு வேறு மருந்தும் தந்தார். சில வாரங்களில் சித்தப்பா தேறிவிட்டார்.

சிறுநீரகங்களின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பிகள் கார்ட்டிசால் என்ற ஸ்டீராய்டு ஹார்மோனைச் சுரக்கின்றன. மாத்திரை செய்வதும் அதே வேலைதான், இன்னும் வலுவாக. நினைவையும் உணர்ச்சியையும் கவனிக்கும் மூளைப் பகுதிகளில் இந்த ஹார்மோன் வந்து ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் நிறைய உண்டு. அதனால் அளவு கூடக்கூட ஆபத்தும் கூடுகிறது. 1972இல் வெளியான பாஸ்டன் ஆய்வில், நாளுக்கு 40 மில்லிகிராம் வரை எடுத்தவர்களில் 1.3 சதவீதத்தினருக்கும், 80க்கு மேல் எடுத்தவர்களில் 18.4 சதவீதத்தினருக்கும் மனநலக் கோளாறு வந்தது. பல வாரம் சாப்பிட்டவர்களுக்குச் சொந்தச் சுரப்பு மங்கியிருக்கும். திடீரென நிறுத்தினால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

உடம்பே சுரக்கும் ஸ்டீராய்டுகளும் இப்படி மனத்தை ஆட்டிவைக்கும். பிரசவம் முடிந்ததும் புரோஜெஸ்டிரோன் என்ற ஸ்டீராய்டு ஹார்மோனும், அதிலிருந்து உண்டாகி மூளையை அமைதிப்படுத்தும் அலோபிரெக்னனோலோனும் சட்டென்று இறங்கிவிடுகின்றன. இந்த அலோபிரெக்னனோலோனையே மருந்தாக்கி, பேறுகால மனச்சோர்வுக்குத் தர 2019இல் அமெரிக்கா அனுமதித்தது. பிள்ளை பெற்றவள் ஓயாமல் அழுதால் அதைத் திமிர் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

அப்பாவுக்கு மாத்திரையைக் காலையிலேயே தரலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். தூக்கக் கேடு குறையலாம். மருந்துக்கடையில் தானாக வாங்கிய மூட்டுவலி மாத்திரை இருந்தால் அதையும் காட்டுங்கள், அதிலும் ஸ்டீராய்டு இருக்கலாம். சாவைப் பற்றிப் பேசினாலோ, காதில் குரல் கேட்கிறது என்றாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். நள்ளிரவில் யாரைக் கேட்பது என்று திகைத்தால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, கட்டணம் கிடையாது.