கமிஷன் ஏறிய அன்றே அது உங்கள் பணம் ஆகிவிடாது

கேள்வி: காரைக்குடி ஜவுளிக்கடையில் 18,000 ரூபாய் சம்பளத்தில் இருக்கிறேன். அதை விட்டுவிட்டு முழுநேர இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஆகலாமா என்று யோசனை. சம்பளம் கிடையாது, கமிஷன் மட்டும்தான். மனைவிக்குத் தையலில் 4,000 வரும். கையில் 90,000 இருக்கிறது. மாதம் 3,000 கட்டும் ஏலச்சீட்டு ஒன்று ஓடுகிறது, இன்னும் எடுக்கவில்லை. வீட்டை எப்படி ஓட்டுவது?

பதில்: வாடகை 6,000, மளிகை, பால், கேஸ் 8,000, வண்டித் தவணை 2,800, கரண்ட், போன் 1,200, சீட்டு 3,000 என்று வைத்தால் மாதம் 21,000 வேண்டும். தையல் வரவு போக 17,000. இதோடு தொழில் செலவு இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் இதைத்தான் கணக்கில் சேர்ப்பதில்லை. தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் என்று தினம் 60 கிலோமீட்டர் சுற்றினால், 24 நாளைக்குப் பெட்ரோலே 3,200 பக்கம் வரும். டீ, ஜெராக்ஸ், வண்டி சர்வீஸ் சேர்த்து 4,500. ஆக மாதம் 21,500. கமிஷன் வராவிட்டாலும் தாங்க ஆறு மாதத்துக்கு 1,29,000 வேண்டும். உங்கள் கையிருப்பில் 39,000 குறைகிறது.

அதனால் கடையை இப்போதே விடாதீர்கள். வேலையில் இருந்துகொண்டே ஏஜென்ட் தேர்வை எழுதி முடித்து, விடுமுறை நாட்களில் ஆள் பார்க்கத் தொடங்கலாம். அதில் வரும் கமிஷனை ஒரு ரூபாய்கூடத் தொடாமல் சேர்த்து அந்த 39,000-ஐ நிரப்பிய பிறகு விலகுங்கள். சீட்டை இப்போது தள்ளி எடுக்க வேண்டாம், கழிவு அதிகம் போகும். கடைசிக் கையிருப்பாக அது இருக்கட்டும். உங்கள் சம்பளத்துக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) இருக்கக்கூடும், வேலையை விட்டால் அந்தப் பாதுகாப்பும் போகும். புது மருத்துவப் பாலிசியில் விபத்து தவிர மற்ற நோய்களுக்கு முதல் 30 நாள் காத்திருப்பு உண்டு. ஆகவே விலகுவதற்கு முன்பே குடும்பத்துக்கு எடுத்துவிடுங்கள். (அந்தப் பாலிசியில் உங்களுக்கே கிடைக்கும் கமிஷனை வருமானம் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம்!)

வங்கியில் இரண்டு கணக்கு வேண்டும். சேர்த்து வைத்த 1,29,000-ஐ முதல் கணக்கில் போடுங்கள், கமிஷன் முழுவதும் அதிலேயே விழட்டும். பெட்ரோல் முதலான தொழில் செலவும் அதிலிருந்தே போகட்டும். ஒன்றாம் தேதி அதிலிருந்து 17,000 மட்டும் வீட்டுக் கணக்குக்கு மாற்றுங்கள். ஒரு மாதம் 40,000 வந்தாலும் அதே 17,000, ஒன்றுமே வராவிட்டாலும் அதே 17,000. ஒரு வருடம் கழித்து, மிகக் குறைவாக வந்த மூன்று மாதங்களின் சராசரியில் தொழில் செலவைக் கழியுங்கள். மிஞ்சுவது 17,000-க்கு மேல் இருந்தால் மட்டும் தொகையை உயர்த்தலாம்.

இவ்வளவு கறார் ஏன்? முதல் மூன்று மாதம் மாமா, சித்தப்பா, பங்காளிகள், கடையில் கூட வேலை பார்த்தவர்கள் என்று பாலிசி விழும். நான்காம் மாதம் அந்தப் பட்டியல் தீர்ந்துவிடும். இரண்டாம் மாத வரவை நம்பிப் புது வண்டிக்குத் தவணை போட்டவர்கள் அப்போதுதான் மாட்டிக்கொள்வார்கள்.

வந்த கமிஷன் திரும்பிப் போவதும் உண்டு. பாலிசி பத்திரம் கைக்குக் கிடைத்த 30 நாளுக்குள் வாடிக்கையாளர் வேண்டாம் என்று திருப்பித் தரலாம். தந்தால் உங்கள் கமிஷனைக் கம்பெனி பிடித்துக்கொள்ளும். பத்திரம் போய்ச் சேர்ந்த தேதியை எழுதி வைத்து, அந்த 30 நாள் முடியும்வரை அந்தத் தொகையை இல்லாததாகவே வையுங்கள்.

இரண்டு விஷயங்களில் கைவைக்கவே கூடாது. "முதல் பிரீமியத்தில் பாதியை நான் போட்டுக்கொள்கிறேன்" என்று சொல்லி ஆள் பிடிப்பது ஒன்று. இது இந்தப் பக்கம் சகஜம்போலப் பேசப்பட்டாலும், 1938-ஆம் ஆண்டு இன்சூரன்ஸ் சட்டத்தின் 41-ஆம் பிரிவு தடுக்கும் செயல். அபராதம் 10 லட்சம் வரை போகலாம். சட்டம் கிடக்கட்டும், அடுத்த வருடமும் அவர் உங்களிடம்தான் பாதி கேட்பார். இன்னொன்று, கிராமத்தில் ரொக்கமாகத் தரும் பிரீமியத்தை "நாளைக்குக் கட்டிக்கொள்ளலாம்" என்று சட்டைப் பையில் வைப்பது. அன்றைக்கே கட்டி ரசீது கொடுத்துவிடுங்கள். முடிந்தவரை அவர்கள் கணக்கிலிருந்தே நேராகப் போகச் செய்வது இன்னும் நல்லது.

செட்டிநாட்டில் வரவு சீராக வராது. தை, வைகாசிக் கல்யாணங்களுக்குப் பூட்டிய வீடுகள் திறக்கும்போது வெளியூர்க்காரர்களைப் பிடிக்கலாம். விவசாயக் குடும்பங்களுக்கு அறுவடை முடிந்து கையில் காசு இருக்கும் மாதத்தில் ஆண்டுப் பிரீமியம் வருகிற மாதிரி பாலிசியைத் தொடங்கிக் கொடுங்கள். தேதி தவறினாலும் பிரீமியம் கட்டத் தரும் சலுகைக் காலம் மாதத் தவணைக்கு 15 நாள்தான், ஆண்டுத் தவணைக்கு 30 நாள். பாலிசி காலாவதியானால் உங்கள் புதுப்பிப்புக் கமிஷனும் சேர்ந்தே போகும்.

வரிக்கு இப்போதைக்குப் பயம் வேண்டாம். ஆண்டுக் கமிஷன் 20,000-ஐத் தாண்டினால் அதில் 2 சதவீதம் பிடிப்பார்கள். பான் எண் கொடுக்காவிட்டால் பிடித்தம் 20 சதவீதம். புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரி வராது என்பதால், கணக்குத் தாக்கல் செய்தால் பிடித்தது திரும்பும். சம்பளக்காரருக்குரிய 75,000 நிலையான கழிவு உங்களுக்குக் கிடையாது. லாபத்தைத் தோராயமாக ஒரு சதவீதமாகக் காட்டும், சிறு வியாபாரிகளுக்கான உத்தேச வரி முறையும் கமிஷன் வருமானத்துக்குப் பொருந்தாது. உண்மையான செலவைக் கழித்து ஐ.டி.ஆர்-3 படிவத்தில்தான் காட்ட வேண்டும். பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, போனவர்கள் நாள்வழியும் பேரேடும் எழுதிய ஊர் இது. ஒரு நோட்டில் தினம் எங்கே போனீர்கள், எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு பெட்ரோல் என்று நான்கு வரி எழுதி, பில்லை அதிலேயே ஒட்டி வையுங்கள்.