கோயில் கணக்கைக் காட்டி இளைஞர் மானியம் கேட்கலாமா?

கேள்வி: மலேசியாவின் கெடா மாநிலம், பீடோங் வட்டாரத்தில் தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்கள் நிறைந்த தாமான் (குடியிருப்புப் பகுதி) எங்களுடையது. கோயில் இளைஞர் பிரிவின் சார்பில் ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு இரவு வகுப்பும், எஸ்.பி.எம். தேர்வை முடித்துவிட்டு வீட்டில் இருப்பவர்களுக்கு வெல்டிங் பயிற்சியும் நடத்த எண்ணம். எங்களுக்குத் தனிப் பதிவு இல்லை. கோயில் வங்கிக் கணக்கைக் கொடுத்து அரசாங்க மானியம் கேட்கலாமா? எவ்வளவு கேட்பது?

பதில்: கேட்கலாம். ஆனால் விண்ணப்பம் கோயில் நிர்வாகத்தின் பெயரில் போக வேண்டும், இளைஞர் பிரிவின் பெயரில் அல்ல. பதிவுச் சான்றிதழ், விண்ணப்பப் பாரம், வங்கிக் கணக்கு மூன்றிலும் ஒரே பெயர் எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். பல விண்ணப்பங்கள் நிற்பதே இந்த இடத்தில்தான்.

அடுத்து கோயிலின் சட்டவிதிகளை எடுத்து 'நோக்கங்கள்' பகுதியைப் படியுங்கள். வழிபாடும் திருவிழாவும் மட்டும் அதில் இருந்தால், டியூஷனுக்குப் பணம் கேட்க அடிப்படை இல்லை. கல்வி, இளைஞர் மேம்பாடு என்று பொதுக்கூட்டத்தில் திருத்தம் கொண்டுவரலாம். சங்கப் பதிவிலாகா ஒப்புக்கொண்ட பிறகுதான் அது செல்லும். ஆண்டறிக்கையையும் பாருங்கள். 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் அதை அனுப்பியிருக்க வேண்டும். கோயிலில் இரண்டு அணி மோதிக்கொண்டு கூட்டமே நடக்கவில்லை என்றால் (நம் ஊர்களில் இது புதிதா என்ன!) முதலில் அதைத் தீர்த்துவிட்டு வாருங்கள்.

தனியாகப் பதிய விரும்பினால் இரண்டு வழி. சங்கச் சட்டத்தின் கீழ் ஏழு பேர் போதும், விண்ணப்பம் இணையம் வழி. மற்றொன்று, இளைஞர் விளையாட்டுத்துறை அமைச்சின் கீழ் 2007ஆம் ஆண்டு இளைஞர் சங்கச் சட்டம். 2019இல் செய்த திருத்தம் இளைஞர் வயதின் உச்சவரம்பை 40இலிருந்து 30க்கு இறக்கியது. உங்கள் தலைவருக்கும் பொருளாளருக்கும் 35 வயது என்றால் இரண்டாவது வழியில் இறங்காதீர்கள்.

யாரிடம் கேட்பது? முதல் முறைக்கு உங்கள் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களின் சேவை மையமே சரியான வாசல். தொகை சிறியது, ஊர் தெரிந்தவர்கள். இந்தியர் மேம்பாட்டுக்கான அரசாங்கப் பிரிவான மித்ராவை இரண்டாம் ஆண்டுக்கு வையுங்கள். 2014இல் செடிக் என்ற பெயரில் தொடங்கி 2018இல் மித்ரா ஆன அந்தப் பிரிவு, பிரதமர் துறைக்கும் ஒற்றுமைத்துறை அமைச்சுக்கும் இடையே மாறி மாறிப் போயிருக்கிறது. ஆகவே யாரோ கொடுத்த பழைய பாரத்தை நிரப்பாமல், அந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்து விண்ணப்பியுங்கள். 2021இல் அதன் மானியங்களை ஊழல் தடுப்பு ஆணையம் விசாரித்தது. புதுச் சங்கம் எடுத்த எடுப்பில் பெருந்தொகை கேட்டால் சந்தேகக் கண்ணோடு பார்ப்பார்கள் என்று எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

தொகையைக் காலத்தை வைத்துக் கணக்கிடுங்கள். அரசாங்கத்தின் நிதியாண்டு டிசம்பர் 31இல் முடிகிறது. பணம் ஆகஸ்ட் நடுவில் கைக்கு வந்தால் 20 வாரம்தான் மிச்சம். 40 வாரத் திட்டம் எழுதியிருந்தால் செலவழிக்க முடியாமல் திண்டாடுவீர்கள். 25 மாணவர், வாரம் இரண்டு இரவு, 20 வாரம் என்றால் 40 வகுப்பு. மாதிரிக் கணக்கு இது: ஓர் இரவுக்கு இரண்டு ஆசிரியர், தலைக்கு 60 ரிங்கிட் வீதம் 4,800. பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேனுக்கு இரவுக்கு 40 வீதம் 1,600. பயிற்சி நூல்கள் ஆளுக்கு 60 வீதம் 1,500. நகலெடுக்க 300. மொத்தம் 8,200 ரிங்கிட். உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் பெருக்கல் இப்படித் தெரிய வேண்டும். 'இதர செலவு 2,000' என்று ஒரு வரி போட்டால் கேள்வி அங்கேதான் விழும். டீ-சட்டை, பேனர், திறப்பு விழாச் சாப்பாடு மூன்றும் சேர்ந்து ஆசிரியர் சம்பளத்தைத் தாண்டும் கெர்த்தாஸ் கெர்ஜாக்கள் (திட்ட முன்மொழிவுகள்) உண்டு. அவை எங்கே போய்ச் சேரும் என்று சொல்லத் தேவையில்லை.

வெல்டிங் பயிற்சியைக் கோயில் மண்டபத்தில் நடத்தும் எண்ணத்தைக் கைவிடுங்கள். வேலைக்கு உதவுவது மலேசியத் திறன் சான்றிதழ். அந்தப் பயிற்சியைத் திறன் மேம்பாட்டு இலாகாவின் அங்கீகாரம் பெற்ற மையம்தான் நடத்த முடியும். இயந்திரம் வாங்கிவிட்டால் சான்றிதழும் இல்லை, மறு ஆண்டு அது மூலையில் துருப்பிடிக்கும். தேசிய இளைஞர் திறன் பயிற்சிக் கழகங்களில் சேர விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது, நேர்முகத்துக்கு அழைத்துப் போவது, முதல் மாதப் பயணச் செலவு ஆகியவற்றுக்குக் கேளுங்கள். சிறிய தொகை, எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று எண்ணிக் காட்டவும் முடியும்.

'கமிஷன் கொடுத்தால் வாங்கித் தருகிறேன்' என்று வருபவரிடம் பதிவுச் சான்றிதழின் நகலைக்கூடக் கொடுக்காதீர்கள்.

பணம் வந்த பிறகு கைரொக்கமாக எடுத்துச் செலவு செய்ய வேண்டாம். ஆசிரியருக்கும் வேன்காரருக்கும் வங்கி வழி மாற்றி, பற்றுச்சீட்டில் கையெழுத்து வாங்குங்கள். ஒவ்வோர் இரவும் வருகைப் பட்டியல், தேதி தெரியும் ஒரு படம். மிஞ்சினால் சொந்த முடிவில் வேறு செலவுக்குத் திருப்பாமல், கொடுத்தவரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். நிர்வாகம் மாறினால் வங்கியில் கையெழுத்து அதிகாரத்தை உடனே மாற்றுங்கள். பழைய பொருளாளர் ஊரை விட்டுப் போய்விட்டால் வந்த பணத்தையே எடுக்க முடியாமல் போகும்.